வலிக்காத எலும்புக்கு யார் பொறுப்பு?

நீண்டகாலக் குடல் அழற்சி நோய் உள்ள ஒருவருக்கு முதன்முதலாக ஸ்டீராய்டு மாத்திரை எழுதப்படும் அதே சீட்டில், அவருடைய எலும்பைப் பற்றியும் ஒரு வரி இருக்க வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இதற்கு எதற்கு இத்தனை நீளக் கட்டுரை என்று கேட்டால், அந்த ஒரு வரி எனக்கு எட்டு வருடம் கழித்துத்தான் கிடைத்தது என்பது பதில். மூன்று ஊர், ஐந்து டாக்டர்கள், ஒரு துணிப்பை நிறைய ரிப்போர்ட். அந்தப் பையில் என் ரத்தம் இருக்கிறது, மலம் இருக்கிறது, குடலின் உட்சுவரைப் பிடித்த கலர் போட்டோக்கள் இருக்கின்றன. எலும்பு மட்டும் இல்லை. இருபத்தெட்டு வயதில் முதுகில் ஒரு முள்ளெலும்பு நசுங்கிய பிறகுதான் எனக்கு எலும்பு என்று ஒன்று இருப்பது அந்தப் பைக்குத் தெரியவந்தது.

என் ஒருவன் கதையென்றால் டைரியில் எழுதி மூடி வைத்திருப்பேன். இதே நோயுள்ள நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். “உங்க எலும்பை யாராவது அளந்து பார்த்தாங்களா?” பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “குடலுக்கும் எலும்புக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று திருப்பிக் கேட்டார்கள். சம்பந்தம் என்ன என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யார் என்பதுதான் என் சண்டை.

1

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். க்ரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று இரண்டு. இரண்டையும் சேர்த்து ஐபிடி என்பார்கள். ஐபிஎஸ் என்று சொல்லப்படும், பரீட்சைக்கு முன்னால் வயிற்றைக் கலக்குகிற பிரச்சினை வேறு. ஐபிடியில் உடலின் எதிர்ப்புச் சக்தி குடலையே எதிரியாக எடுத்துக்கொள்கிறது. குடலில் புண், ரத்தம், சில நேரம் அடைப்பு. வரும், அடங்கும், மறுபடி வரும். பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில்தான் முதல் தாக்குதல். இந்தியாவில் ஒரு காலத்தில் அபூர்வம் என்று பாடப்புத்தகம் சொன்ன நோய் இப்போது அபூர்வமே இல்லை.

அந்த வயதைக் கொஞ்சம் கவனியுங்கள். மனித எலும்பு தன் உச்ச அடர்த்தியை எட்டுவது இருபதுகளின் முடிவுக்குள். அதுவரை சேர்த்ததை வைத்துத்தான் மீதி வாழ்நாள் முழுக்கச் செலவு செய்ய வேண்டும். சேர்க்கவேண்டிய அந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில்தான் இந்த நோய் வந்து உட்கார்கிறது. அறுபது வயதில் எலும்பு தேய்பவர் சேமிப்பிலிருந்து எடுக்கிறார். இருபதில் குடல் நோய் வந்தவருக்குச் சேமிப்பே முழுதாக ஏறவில்லை.

எலும்பு ஒருமுறை கட்டி முடித்துவிட்ட சுவர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே தினமும் வேலை நடக்கிறது. ஒரு வகை செல்கள் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கின்றன, இன்னொரு வகை புதிதாகப் பூசுகின்றன. குடலில் அழற்சி இருக்கும்போது உடம்பு முழுக்கச் சுற்றும் டிஎன்எஃப், இன்டர்லூகின் போன்ற வேதிப்பொருட்கள் கரைக்கும் கூட்டத்தைத் தூண்டிவிடுகின்றன. அதாவது, ஒரு ஸ்டீராய்டு மாத்திரை போடுவதற்கு முன்பே எலும்பு நஷ்டம் ஆரம்பித்துவிடுகிறது.

அடுத்தது, உள்ளே போகிற உணவு. வைட்டமின் டி கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்படுவது. கொழுப்பு உறிஞ்சப்பட பித்த உப்பு வேண்டும். அந்தப் பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சி ஈரலுக்கு அனுப்புவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. க்ரோன் நோய் மிகவும் விரும்பிப் பிடிப்பதும் அந்த இடத்தைத்தான், அறுவை செய்து வெட்டி எடுக்க நேர்வதும் பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். வெட்டிய பிறகு கொழுப்பு சரியாக ஏறாது. ஏறாத கொழுப்பு சாப்பாட்டில் உள்ள கால்சியத்தையும் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். “நல்லா சத்தா சாப்பிடுங்க” என்று சொல்லி அனுப்புவது எளிது. வாய் வழியாகப் போவதும் எலும்புக்குப் போய்ச் சேர்வதும் ஒன்றில்லை என்று அந்த நோயாளிக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஸ்டீராய்டு.

2

வழக்கமான கணக்கு ஒன்றைப் போடுவோம். நோய் கிளம்பும்போது பிரட்னிசோலோன் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு 5 மில்லிகிராம் குறைத்து, எட்டு வாரத்தில் நிறுத்துவார்கள். கூட்டினால் ஒரு கோர்ஸுக்கு 1,260 மில்லிகிராம். நம் உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசோல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமம். அப்படியென்றால் முதல் வாரம் முழுக்க இயல்பைப் போல எட்டு மடங்கு. எனக்கு எட்டு வருடத்தில் ஆறு கோர்ஸ். 7,560 மில்லிகிராம். இந்தக் கூட்டலைச் செய்தவன் நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீட்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு. எந்த மருத்துவமனைக் கோப்பிலும் இந்த எண் கிடையாது. ஒவ்வொரு கோர்ஸும் அங்கே தனித்தனி சம்பவம்.

ஸ்டீராய்டு எலும்பை நாலு பக்கமும் அடிக்கிறது. புதிதாகப் பூசும் செல்களை முடக்குகிறது, எலும்புக்குள் வாழும் செல்களைச் சாகடிக்கிறது, குடலில் கால்சியம் ஏறுவதைக் குறைக்கிறது, சிறுநீரில் கால்சியம் போவதைக் கூட்டுகிறது. நஷ்டம் அதிவேகமாக நடப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில். “கொஞ்ச நாள் பார்ப்போம், அப்புறம் எலும்பைப் பத்தி யோசிப்போம்” என்று தள்ளிப்போடும் அந்தக் ‘கொஞ்ச நாள்’தான் அதிகம் பறிபோகும் நாள்.

இதெல்லாம் நேற்று கண்டுபிடித்த ரகசியம் இல்லை. 1932இல் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் பரில் க்ரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் இந்தக் குடல் நோயை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். அதே 1932இல் ஹார்வி குஷிங், பிற்பாடு அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட நோயைப் பற்றி எழுதினார். வட்டமாக ஊதிய முகம், கொழுத்த வயிறு, அவற்றோடு மென்மையாகி வளைந்த முதுகெலும்பு. உடம்பில் கார்டிசோல் மிகுந்துபோனால் வருகிற நோய் அது என்பது பிறகு தெளிவானது. கார்டிசோன் மருந்தாக மனிதருக்குப் போடப்பட்டது 1948இல். 1950இல் அதற்கு நோபல் பரிசு. 1955இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு அது பலன் தருவதைச் சோதனை செய்து நிறுவினார்கள். ஆக, மருந்து பிறப்பதற்கு முன்பே அதன் எலும்புக் கணக்கு எழுதப்பட்டுவிட்டது. 2000ஆம் ஆண்டில் கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 6,000-க்கும் மேற்பட்ட ஐபிடி நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, மற்றவர்களைவிட இவர்களுக்கு எலும்பு முறிவது 40 சதவீதம் அதிகம் என்று சொன்னது. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய செய்தி இது. தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

3

அப்படியானால் ஏன் நடக்கவில்லை? என் அனுபவத்திலிருந்து இரண்டு உரையாடல்கள்.

இருபத்து நாலு வயது. மூன்றாவது கோர்ஸ்.

“சார், ஸ்டீராய்டு எடுத்தா எலும்பு வீக் ஆகும்னு படிச்சேன். டெஸ்ட் ஏதாவது எடுக்கணுமா?”

“உங்களுக்கு என்ன வயசு?”

“இருபத்து நாலு சார்.”

“அப்புறம் என்ன தம்பி? அதெல்லாம் பீரியட்ஸ் நின்ன லேடீஸுக்கு வர்றது. நெட்ல படிக்கிறத முதல்ல நிறுத்துங்க.”

நான்கு வருடம் கழித்து, ஒரு தண்ணி கேனைக் குனிந்து தூக்கியபோது முதுகில் ‘சுளீர்’. இரண்டு வாரம் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் அமுங்கி ஆப்பு மாதிரி இருந்தது.

“கீழ கீழ விழுந்தீங்களா?”

“இல்ல டாக்டர். எனக்கு க்ரோன் இருக்கு. ஸ்டீராய்டு எடுத்திருக்கேன்.”

“அத உங்க கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட பேசிக்கோங்க. நான் வலிக்கு எழுதித் தர்றேன்.”

எழுதித் தந்தது பத்து நாளைக்கு டைக்ளோஃபினாக். அந்த வகை வலி மாத்திரைகள் குடல் நோயைக் கிளப்பிவிடக்கூடும் என்பது ஐபிடி நோயாளிக்குச் சொல்ல வேண்டிய முதல் எச்சரிக்கைகளில் ஒன்று. மூன்றாம் வாரம் எனக்கு ரத்தமாகப் போனது. குடல் டாக்டர் “வெளியில எங்க சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். பிறகு 40 மில்லிகிராம் பிரட்னிசோலோன் எழுதினார்.

இந்த வட்டத்தைப் பாருங்கள். குடலுக்கு ஸ்டீராய்டு, ஸ்டீராய்டால் எலும்பு, எலும்புக்கு வலி மாத்திரை, வலி மாத்திரைக்குப் பிறகு குடல், குடலுக்கு மறுபடி ஸ்டீராய்டு. வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் துறைக்குள் சரியாகத்தான் நடந்துகொண்டார். குடல்காரர் குடலைப் பார்த்தார், எலும்புக்காரர் எலும்பைப் பார்த்தார். இரண்டு சீட்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. நம் ஊரில் அவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டிய வேலை நோயாளியுடையது. அதுவும் படித்த, இங்கிலீஷ் தெரிந்த, எதிர்க்கேள்வி கேட்கத் துணிந்த நோயாளி. மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

அந்த முதல் டாக்டர் சொன்ன ‘லேடீஸ்’ விஷயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எலும்புப்புரை என்பதற்கு 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல், டி-ஸ்கோர் மைனஸ் 2.5, மாதவிடாய் நின்ற வெள்ளைக்காரப் பெண்களை மனதில் வைத்து உருவானது. அந்த அளவுகோல் காலப்போக்கில் நோயின் முகமாகவே ஆகிவிட்டது. ஐம்பது வயதுக்குக் குறைந்த ஆண்களுக்கும், மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் பார்க்க வேண்டியது அதே வயதினரோடு ஒப்பிடும் இஸட்-ஸ்கோர். அது மைனஸ் 2 அல்லது அதற்கும் கீழே போனால் ‘வயதுக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிடக் குறைவு’ என்று அர்த்தம். இன்னொன்று: ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ஸ்கேனில் தெரியும் அடர்த்தி சொல்வதைவிட முறிவு ஆபத்து அதிகம். எண் சுமாராக இருந்தாலும் எலும்பின் தரம் கெட்டிருக்கலாம்.

கிழவிகளின் நோய் என்று முத்திரை குத்தியதால் கிழவிகளுக்கும் நியாயம் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை. வயசானா முதுகு கூனத்தான் செய்யும் என்று விட்டுவிட்டோம்.

4

என்னிடம் சொல்லப்படும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

“ஸ்டீராய்டு இல்லேன்னா நீ இன்னைக்கு இருந்திருப்பியா?” இருந்திருக்க மாட்டேன். ஸ்டீராய்டுக்கு முந்தைய காலத்தில் கடுமையான கொலைட்டிஸ் தாக்குதல் பலரைக் கொன்றது. அந்த மாத்திரையை நான் திட்டவில்லை. இதைப் படிக்கும் யாரும் பயந்துபோய்த் தானாக அதை நிறுத்திவிடவும் கூடாது. நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சொந்தமாக கார்டிசோல் சுரக்க முடியாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். நான் கேட்பது, உயிரைக் காப்பாற்றும் மருந்துக்கு விலை ஒன்று இருக்கும்போது அந்த விலைப்பட்டியலை நோயாளியிடம் காட்டுங்கள் என்று.

“தீயை அணைக்கும்போது தரை நனையத்தான் செய்யும்.” சரி. ஆனால் ஸ்டீராய்டு தீயை அணைக்கத்தான் உதவும். மறுபடி பிடிக்காமல் காக்க அதற்குத் திறமில்லை. மூன்று மாதத்துக்குள் 10 மில்லிகிராமுக்குக் கீழே இறக்க முடியவில்லை என்றாலோ, நிறுத்திய மூன்று மாதத்துக்குள் நோய் திரும்பினாலோ அதற்கு ஸ்டீராய்டு சார்பு நிலை என்று பெயர். அங்கே வேறு மருந்துக்கு மாற வேண்டும் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். அசத்தியோபிரின் இருக்கிறது. டிஎன்எஃபைத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன. அழற்சி அடங்கினால் எலும்பும் ஓரளவு தேறும். அந்த ஊசிகளில் ஒன்றான அடலிமுமாபின் மலிவு வடிவம் 2014இலேயே இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. மலிவு என்றாலும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது இன்றும் மலிவு இல்லை. ஸ்டீராய்டு மட்டும் ஒரு அட்டை டீக்காசுக்குக் கிடைக்கிறது. ஏழையின் எலும்பு ஏன் சீக்கிரம் கரைகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மலிவாக இருப்பதோடு, கேட்டவுடனும் கிடைக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கும் மாத்திரை. மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டைக் காட்டினால் போதும், சில கடைகளில் பழைய அட்டையைக் காட்டினாலே போதும். “போன தடவ இதுலதான் கேட்டுச்சு” என்று நோயாளியே டாக்டராகிவிடுகிறார். இன்னொரு பக்கம் ‘பக்கவிளைவே இல்லாத’ பெயர் தெரியாத பொடிகள். சாப்பிட்ட மூன்றாம் நாளே எல்லா வலியும் பறந்து, பசி எடுத்து, முகம் உருண்டால் சந்தேகப்பட வேண்டும். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை சோதனைச்சாலையில் பிடிபட்டிருக்கிறது. கலந்தது தெரியாமல் சாப்பிடுகிறவர் எவ்வளவு மில்லிகிராம் என்று எதை வைத்துக் கூட்டுவார்?

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோயும் க்ரோன் நோயும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. பயாப்ஸியிலும் குழப்பும். அதனால் இங்கே க்ரோன் நோயாளிகள் பலருக்கு முதலில் மாதக்கணக்கில் டிபி மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். காசநோய் நிறைந்த நாட்டில் அது தவறில்லை. ஆனால் அதில் உள்ள ரிஃபாம்பிசின் வைட்டமின் டியை உடம்பு வேகமாகச் செலவழிக்கும்படி செய்யும். ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே கணக்கு மைனஸில் இருக்கலாம் என்பதை யார் எழுதி வைக்கிறார்கள்?

“வெயில் காயுற ஊர்ல வைட்டமின் டி குறையுமா?” குறைகிறது. திருப்பதியைச் சுற்றி நடந்த ஆய்வுகள் வெயிலில் வேலை செய்யும் கிராமத்து மக்களிடமே பற்றாக்குறையைக் காட்டின. நம் தோலின் நிறம் வெயிலை வடிகட்டுகிறது. உறிஞ்சும் குடலும் பழுதாகிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

5

டாக்டர்களை மட்டும் வைதுவிட்டுப் போவது சௌகரியம். நம் வீட்டுப் பக்கமும் திரும்ப வேண்டும்.

குடல் நோய் என்றதும் வீட்டில் பத்தியம் ஆரம்பமாகிவிடும். முதலில் போவது பால். நோய் கிளம்பியிருக்கும்போது சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாதது உண்மை. ஆனால் அடங்கிய பிறகும் வருடக்கணக்கில் பால், தயிர், மோர் எதுவும் கிடையாது, கஞ்சியும் ரசம் சாதமும்தான். ஐசிஎம்ஆர் கணக்குப்படி ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 240 இருக்கும். ரசம் சாதத்தில் எவ்வளவு இருக்கும்? எனக்கு அம்மா பாலை நிறுத்தியது அன்பினால். அன்புக்குக் கால்சியம் அளவு தெரியாது. அதைச் சொல்ல ஒரு டயட்டீஷியனிடம் என்னை யாரும் அனுப்பவில்லை. பாலுக்குப் பதிலாகத் தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி இருக்கிறது. கேழ்வரகு இருக்கிறது, ஆனால் குடல் சுருங்கியிருப்பவர் நார்ச்சத்து விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் அதைத் தொட வேண்டும்.

அடுத்த அன்பு, ஓய்வு. “நீ எதையும் தூக்காதப்பா, போய்ப் படு.” எலும்பு பாரம் ஏறினால்தான் தன்னைக் கட்டிக்கொள்ளும். நடக்க வேண்டும், படி ஏற வேண்டும், நோய் அடங்கியிருக்கும் நாட்களில் உடம்புக்கு ஏற்ற எடையைத் தூக்கிப் பழக வேண்டும். படுக்கவைத்தே ஒரு பையனின் எலும்பைக் கரைக்க முடியும்.

நம் இலக்கியச் சூழலிடமும் ஒரு வார்த்தை. நோயுற்ற, மெலிந்த உடம்பின்மேல் நமக்கொரு மயக்கம் இருக்கிறது. சூசன் சொன்டாக் 1978இலேயே நோயை உருவகமாக்குவதை எதிர்த்துப் புத்தகம் எழுதிவிட்டார். நாம் இன்னும் ‘எலும்பும் தோலுமாய்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறோம். என் மெலிவைப் பார்த்து “கவிஞனோட உடம்புய்யா இது” என்று ஒருவர் இலக்கியக் கூட்டத்தில் சொன்னார். புரதமும் கால்சியமும் ஏறாத உடம்பு அது. அதில் கவிதை எதுவும் இல்லை.

6

எனக்கு வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

முதல் ஸ்டீராய்டு சீட்டு எழுதும் நாளில் வைட்டமின் டி அளவைப் பாருங்கள். கால்சியமும் டியும் அந்தச் சீட்டிலேயே இருக்கட்டும். ஒரு நாளைக்கு 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கும் எவருக்கும் எலும்பு முறிவு ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்று அமெரிக்க மூட்டு மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதை இங்கே பின்பற்ற யாரும் தடுக்கவில்லை. திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு எடுத்தவரை டெக்ஸா ஸ்கேனுக்கு அனுப்புங்கள். கால் மணி நேர வேலை, கதிர்வீச்சு ஒரு நெஞ்சு எக்ஸ்ரேவைவிடக் குறைவு. கொலனோஸ்கோப்பிக்கு முந்தின ராத்திரி மருந்து குடித்து விடிய விடிய கக்கூஸில் உட்கார்ந்தவர்களுக்கு இது சுற்றுலா மாதிரி. முதுகு வலி என்று சொன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பதைக் குறை சொல்வதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுங்கள்; முதுகெலும்பு முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே நடந்து முடிகின்றன. எலும்பு டாக்டர்கள் வலி மாத்திரை எழுதுமுன் “வயித்துல ஏதாவது பிரச்சினை இருக்கா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்று ஒரு கட்டம் போடுங்கள்.

குடல் கத்தும். ரத்தம், வலி, ஓட்டம் என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். எலும்புக்கு உடையும்வரை வாயே கிடையாது. வாயில்லாததற்காகப் பேச வேண்டியவர்தான் மருத்துவர். வலிக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதற்குப் பெயர் மருத்துவம் என்றால் ஒரு பெல்லும் ரப்பர் ஸ்டாம்பும் போதும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது பிரட்னிசோலோன் எடுத்துக்கொண்டிருக்கலாம். தம்பியோ தங்கையோ, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. எத்தனை கோர்ஸ், மொத்தம் எத்தனை மில்லிகிராம், கடைசியாக வைட்டமின் டி பார்த்தது எப்போது. மேஜைமேல் வை. “உனக்கு என்ன வயசு?” என்று கேட்டால், “அதனாலதான் சார் கேக்கறேன்” என்று சொல்லு.